ஆடிப் படையலில் கசந்த சுரைக்காய்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டின் பின்பக்கம் கையகல இடம் இருந்தாலும் இப்போது யாராவது ஒரு வெண்டையோ கத்தரியோ வைத்துவிடுகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் சரி, ரயிலிலும் சரி, என்னைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். "சரோஜாக்கா, கடையில விக்கிற பாக்கெட் விதையெல்லாம் மரபணு மாத்துனதாமே, துன்னா ஆபத்தாமே, நெஜமா?"

விதைப் பண்ணையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. தோட்டம் போடுகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து, "நீங்களே எழுதிக் குடுங்கக்கா, நாங்க படிச்சுக்குறோம்" என்றார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகனை நினைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்துக்கு நாம் வாங்குகிற காய்கறி விதையில் மரபணு மாற்றிய விதை இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். நான் அறிந்தவரை நம் நாட்டில் அப்படிப் பயிர் செய்ய விற்பது பருத்தி விதை மட்டும்தான். கத்தரியில் கொண்டுவரப் பார்த்தார்கள். அரசாங்கம் நிறுத்தி வைத்துவிட்டது. நம் கடைப் பாக்கெட்டில் ஹைபிரிட் என்று போட்டிருப்பது வேறு. அது எப்படி வருகிறது என்று என் கையே சொல்லும். ஏனென்றால் அதைச் செய்தது இந்தக் கைதான்.

ஆனால் பயப்பட வேண்டியது ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிதாக எழுத உட்கார்ந்தேன்.

மைன்ஸ், அதுதான் தங்கச் சுரங்கம், மூடிய பிறகு எங்கள் வீடுகளில் ஆண்கள் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். பெண்களில் சிலர் பங்காருபேட்டையில் இறங்கி, அங்கிருந்து பூதிகோட்டைப் பக்கம் இருந்த விதைப் பண்ணைக்குப் போனோம். எனக்கு அப்போது செடி என்றால் துளசி ஒன்றுதான் தெரியும். ஆறு மாதம் களை எடுக்க விட்டார்கள். பிறகு தக்காளிக்கு மாற்றினார்கள். அதற்கும் பிறகுதான் சுரை, பீர்க்கு, பூசணி இருக்கும் பந்தல் பக்கம் வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் வெங்கடேசப்பா சார். முள்பாகல் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது வேலையில் தப்பு செய்தால், அந்தக் காயைத் தானே பறித்து, அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தக் காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொழுதெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு திரிவோம். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

நாங்கள் ஏதாவது வந்து சொன்னால், கண்ணால் பார்த்தாயா, நீயாக நினைத்துக்கொண்டாயா என்று அவர் கேட்பது ஒன்றுதான். "பாத்தியா, நெனச்சியா?" பூச்சி இருக்கு சார் என்றால், "பாத்தியா, நெனச்சியா?" தண்ணி பாய்ஞ்சிடுச்சு சார் என்றால், "பாத்தியா, நெனச்சியா?" நாங்கள் அவருக்குப் பின்னால் அதையே சொல்லிச் சிரிப்போம். ரயிலில் யாராவது, "உன் புருஷன் உன்மேல ஆசையா இருக்காரு" என்று கிண்டல் செய்தால், இன்னொருத்தி, "பாத்தியா, நெனச்சியா?" என்பாள்.

தக்காளிப் பக்கம் போகும் முன் கை கழுவுவது ஒரு பெரிய சடங்கு. நகம் வெட்டியிருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, பால் பவுடர் கரைத்த தண்ணீரில் கையை முக்கி எடுக்க வேண்டும். முதல் நாள் எனக்கு அபிஷேகப் பாலில் கை வைத்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. விஷயம் என்னவென்றால், எங்களில் சிலருக்குப் புகையிலை போடுகிற பழக்கம். புகையிலையில் இருக்கும் ஒரு நோய், விரல் வழியாகத் தக்காளிக்கு ஏறி, இலையெல்லாம் தேமல் விழுந்த மாதிரி ஆக்கிவிடும். பால் பட்டால் அது ஒட்டாதாம். வீட்டில் தக்காளி வைத்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பீடி பிடித்த கையோடு உங்கள் வீட்டுக்காரரைச் செடி பக்கம் விடாதீர்கள்.

சுரைக்காய் வேலை சாயங்கால வேலை. சுரைப்பூ வெள்ளையாக, பொழுது சாயும்போதுதான் விரியும். ஒரே கொடியில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். பெண் பூவுக்கு அடியில் விரல் அளவில் ஒரு குட்டிக் காய் இருக்கும், அதை வைத்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம். மத்தியானம் பந்தலுக்குள் நுழைந்து, அன்றைக்கு விரியப்போகிற பெண் மொட்டைத் தேட வேண்டும். நுனி வெளுத்து, கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். அதற்கு எண்ணெய்த்தாள் கவர் மாட்டி, அடியில் கிளிப் போடுவோம். காற்று போக வேண்டும், வண்டு போகக் கூடாது. அதேபோல், மகரந்தத்துக்கென்றே தனியாக நட்ட அப்பா வரிசைக் கொடியில் விரியப்போகிற ஆண் மொட்டின் வாயையும் நூலால் கட்டிவிடுவோம். பொழுது இறங்கியதும் ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவ வேண்டும். குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி. அழுத்தினால் போச்சு. பிறகு மறுபடி கவர் போட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டி, கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பூவுக்குப் போவேன். கும்பிடு சார் சொல்லிக்கொடுத்தது இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. வேலை முடிந்து பண்ணை வேன் எங்களை வீட்டில் விடும்.

ஹைபிரிட் என்றால் இவ்வளவுதான். இந்தச் சுரைக்கும் அந்தச் சுரைக்கும் கல்யாணம் செய்து வைப்பது. இதைக் காற்றும் வண்டும் தினம் செய்துகொண்டுதான் இருக்கின்றன, நாங்கள் பொருத்தம் பார்த்துச் செய்தோம். மரபணு மாற்றுவது என்பது ஆய்வுக்கூடத்தில், வேறு ஏதோ ஓர் உயிரின் குணத்தை எடுத்துச் செடிக்குள் வைப்பது. அந்த வேலையை நான் கண்ணால் பார்த்ததில்லை, எங்கள் பண்ணையில் நடக்கவும் இல்லை.

நாங்கள் கவர் போட்டு, கிளிப் போட்டு, நூல் கட்டிப் பாதுகாத்ததெல்லாம் எதற்காக என்று முதல் வருஷம் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் புரிந்தது. விதைக்கு விடுகிற காயில் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு காயை அறுத்து, சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும் என்பது சாரின் சட்டம். நான் வைத்த ஒரு துண்டு அப்படிக் கசந்தது. பாகற்காய்க் கசப்பு இல்லை. நாக்கைப் பிடித்து இழுக்கிற கசப்பு. ஓடிப்போய்ச் சொன்னேன். சார் தானும் நாக்கில் வைத்துப் பார்த்தார். வாயைக் கொப்பளித்தார். பிறகு அந்தச் செடியை மட்டும் இல்லை, அந்த வரிசையையே பிடுங்கச் சொன்னார். காய்த்துத் தொங்குகிற வரிசை.

"ஒரு செடிதானே சார்" என்றேன்.

"சரோஜம்மா, இந்த வரிசைக்கு விதை எடுத்தப்ப எங்கயோ ஒரு கவர் நழுவியிருக்குது. கசக்குற சுரைக்காயில வெஷம் இருக்குது. வேக வச்சாலும் போகாது. இது விதையாப் போயி எந்த வீட்டு அடுப்புல ஏறும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. பிடுங்கு" என்றார்.

எனக்குக் கிருத்திகை விரதம் உண்டு. அன்றைக்கு வாயில் எதையும் வைக்க மாட்டேன். நாக்கில் காய் வைக்கச் சொன்னால் என்ன செய்வது? பயந்துகொண்டே சாரிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள், "சரோஜாவுக்கு முருகனே சம்பளம் குடுப்பாரு, நமக்கு யாரு இருக்கா" என்று சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "கிருத்திகைக்கு நீ நூல் கட்டு. நாக்கு வேலை வேற யாராவது பாக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு கிருத்திகை எந்தத் தேதி என்று அவரே எனக்கு முந்தி ஞாபகம் வைத்துக்கொண்டார்.

இனி அம்சா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, இன்னொரு வீட்ல நடக்கக் கூடாது" என்றாள்.

அம்சா எங்களுக்குப் பின் லைன். அவள் வீட்டுக்காரர் தனபால் மைன்ஸில் இருந்தவர். அது மூடிய பிறகு பெங்களூரில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். சர்க்கரை வியாதி. ஒரே மகன் பிரகாஷ், கல்யாணமாகி அவர்களோடுதான் இருக்கிறான், தினம் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவன். அம்சாவின் தோட்டம் எங்கள் எல்லாருக்கும் பொறாமை வருகிற மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால் முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் மைன்ஸின் காலி நிலம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு, ஆடி வெள்ளிக்கிழமை. அம்சா அம்மனுக்குப் படையல் வைத்தாள். கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கூடவே அந்த வருஷம் தோட்டத்தில் முதலில் காய்த்த சுரைக்காயில் கூட்டு. முதல் காய் அம்மனுக்கு என்பது அந்த வீட்டுப் பழக்கம். எங்கள் எல்லார் வீட்டிலும் படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்க மாட்டோம். உப்புக்கூட கைக்கணக்குதான். காய் அறுக்கும்போதும் வாயில் வைக்க மாட்டோம். சாமி சாப்பிட்ட பிறகுதான் மனுஷர்.

கற்பூரம் காட்டி, இலை போட்டு உட்கார்ந்தார்கள். மருமகள் ஒரு வாய் வைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் ஓரமாக ஒதுக்கிவிட்டாள். மாமியார் செய்ததைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பிரகாஷ், "இன்னாமா இவ்ளோ கசக்குது" என்று தள்ளிவிட்டான். அம்சா அன்றைக்குப் பொழுது சாயும் வரை விரதம், அவள் சாப்பிடவே இல்லை.

தனபால் அண்ணன்தான், "அம்மனுக்குப் படைச்சத குப்பையில போடுவீங்களாடா? இப்படி வைங்க. கசப்பு சக்கரைக்கு நல்லதுதான்" என்று எல்லார் இலையிலிருந்தும் எடுத்துப் போட்டுக்கொண்டு, வழித்துச் சாப்பிட்டார்.

மத்தியானம் வாந்தி ஆரம்பித்தது. அவர்கள் முதலில் கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்தது. அப்புறம் வாந்தியில் ரத்தம் வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் வேலையிலிருந்து வந்து விஷயம் கேட்டு அங்கே போனபோது, அவருக்கு இரண்டு கையிலும் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிப்போய் ஆள் சுருண்டு கிடந்தார். அம்சா சுவரோரமாக, அதே படையல் புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஒரு கன்னடத்துப் பெண், சின்ன வயசு. காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுரைக்காய் என்றதும் எழுதுவதை நிறுத்தினார்.

"கசப்பா இருந்துச்சாம்மா?"

"நான் சாப்பிடல டாக்டர். அவனைக் கேளுங்க."

பிரகாஷ், "ரொம்ப கசப்பு" என்றான்.

"அதுதான்" என்றார் டாக்டர். "இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. பிரஷர் எறங்காம பாத்துக்குறோம். ரெண்டு மூணு நாள் தாண்டணும்."

தாண்டணும் என்ற அந்தச் சொல் அம்சாவின் முகத்தில் என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

பிரகாஷ் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "பெரிம்மா, நீங்க விதைக் கம்பெனியில இருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க. இது மரபணு மாத்துன விதைதானே? போன வருஷம் பாக்கெட்ல வாங்கி நட்டாங்க. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தலைமுறையில வெஷமாகும்னு போட்டிருக்கான், பாருங்க." செல்போனைக் காட்டினான். கோபம் இல்லை அது, பயம். அவன் அப்பன் உள்ளே கிடக்கிறார்.

எனக்கும் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில போயி கொடியைப் பாக்குறேன்பா" என்று மட்டும் சொன்னேன். நினைத்ததைச் சொல்லக் கூடாது, பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் சாரிடம் வேலை செய்ததில் அது ஊறிப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்சா வீட்டுப் பின்பக்கம் போனேன். பந்தலில் இன்னும் காய்கள் தொங்கின. பார்க்க அழகாக, பச்சையாக, கொஞ்சம் குட்டையாக இருந்தன. ஒன்றை அறுத்து நாக்கு நுனியில் வைத்தேன். உடனே துப்பினேன். பண்ணையில் அன்றைக்கு நாக்கைப் பிடித்து இழுத்த அதே கசப்பு. அடுத்த காயும் அப்படியே. வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது முள்வேலி கண்ணில் பட்டது. அதன்மேல் இன்னொரு கொடி படர்ந்து கிடந்தது. உருண்டையாகச் சின்னச் சின்னக் காய். அது பேய்ச்சுரை, காட்டில் தானாக முளைக்கிற கசப்புச் சுரை.

உடுப்பு எடுத்துப்போக வந்திருந்த அம்சாவிடம், "இது எப்பத்துலேந்து இருக்குது?" என்றேன்.

"அதுவா? ரெண்டு மூணு வருஷமா தானா வளந்துகினு கெடக்குதுக்கா. பூ வெள்ளையா பாக்க நல்லாருக்குதேன்னு வுட்டேன்."

"இந்த வருஷம் நட்ட விதை ஏது?"

"போன வருஷக் காயில ஒண்ண முத்த வுட்டு எடுத்து வச்சது. பிரகாஷ்தான் சொன்னான், கடை விதை வாங்காதம்மா, மரபணு மாத்துனதா இருக்கும், நம்ம வூட்டு விதையே நடுன்னு."

அந்த வீட்டில் எல்லாரும் நல்லதைத்தான் நினைத்தார்கள்.

சாருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியில் வந்துவிட்டார். தனபால் அண்ணனுக்கு அப்போது வாந்தி நின்றிருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருமகளை அங்கே வைத்துவிட்டு அம்சாவும் பிரகாஷும் குளிக்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். சார் பந்தலைச் சுற்றி வந்தார், வேலியைப் பார்த்தார். பேய்ச்சுரையில் ஒன்றையும் பந்தல் காயில் ஒன்றையும் அறுத்தார். பிரகாஷிடம் இரண்டிலும் நகத்தளவு துண்டு கொடுத்தார். "நாக்கு நுனியில மட்டும் வைங்க. முழுங்காதீங்க. துப்பிடுங்க."

பிரகாஷ் வைத்துப் பார்த்தான். துப்பினான். "ரெண்டும் ஒரே கசப்பு சார்."

"ஒண்ணேதான். போன வருஷம் உங்க நல்ல கொடியில பூ விரிஞ்சப்ப, வண்டு இந்த வேலிக்கொடிலேந்து மகரந்தம் கொண்டாந்து வச்சிடுச்சு. காய் அம்மாவோடது, அதனால அப்ப நல்லா இருந்துச்சு. உள்ள இருக்குற விதை அம்மா, அப்பா ரெண்டு பேரோடது. அதை நட்டதும் அப்பாவோட கசப்பு வந்துடுச்சு. எந்த கம்பெனியும் செய்யல. எந்த ஆய்வுக்கூடமும் செய்யல."

பிரகாஷ் வேலிக்கொடியைப் பார்த்தான். பிறகு, "அப்ப கடை விதை வாங்கியிருந்தா இது நடந்திருக்காது" என்றான்.

அம்சா சட்டென்று, "இன்னாடா பேச்சு இது. நட்டது நான், சமைச்சது நான்" என்றாள்.

சார் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "வீட்டு விதை எடுக்குறது நல்ல காரியம். எங்க அம்மாவும் எடுப்பாங்க. பூவுக்கு ஒரு கவர் போட்டிருந்தா போதும். தெரியல. தெரியாததுக்கு யாரு மேல கோவப்படுறது?"

பிறகு அவரும் நானும் பிரகாஷும் சேர்ந்து பந்தல் கொடியையும் வேலிக்கொடியையும் வேரோடு பிடுங்கி, குழி தோண்டிப் புதைத்தோம்.

பிரகாஷின் பயம் அன்றைக்குத் தீர்ந்தது. அம்சாவின் பயம் வேறு. லைனில் சில பேர், "அம்மன் குத்தம். படையலை ஏத்துக்கல. தீட்டோட செஞ்சிருப்பா" என்று பேசியது அவள் காதுக்கும் வந்துவிட்டது. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு, "அம்மனுக்கு வெஷத்த வச்சேனே அக்கா. அவளுக்கும் வெஷம், அவருக்கும் வெஷம்" என்றாள். விதையைப் பற்றி எனக்குத் தெரியும். இது சாமி விஷயம்.

அவளைக் கூட்டிக்கொண்டு மாரிகுப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த அம்மன் கோயில் பூசாரியிடம் போனேன். முதலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். வயசானவர், காதில் கைவைத்துக் கேட்டார்.

"ருசி பாக்காம வச்சேன் சாமி. பாக்கக் கூடாதுன்னுதானே வச்சேன்" என்றாள் அம்சா.

"அறுக்கும்போது அது இன்னாமா? காய்தானே? இலையில எறக்கி, கண்ண மூடி, தாயேன்னு சொன்னாத்தான் படையல். காயை நாக்குல வச்சுப் பாத்துட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு, அப்புறம் சமைம்மா. அவ கோச்சுக்க மாட்டா. வூட்டுக்கு அரிசி வந்தா கல்லு பொறுக்காமலா பொங்கல் வைக்கிற?"

"படைச்சது கசந்தா?"

"மண்ணுல புதைச்சிடு. மண்ணும் அவதான்."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

இதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுரை, பீர்க்கு, வெள்ளரி எதுவாக இருந்தாலும் அறுத்ததும் சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். வழக்கமில்லாத கசப்பு இருந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் புதைத்துவிடுங்கள். மருந்து என்றோ, பிரசாதம் என்றோ, பாடுபட்டு வளர்த்தது என்றோ சாப்பிடாதீர்கள். வேலியில் பேய்ச்சுரை இருந்தால் பிடுங்கிவிடுங்கள். விதைக்கு விடுகிற சுரைப்பூவில் ஆண், பெண் இரண்டையும் மத்தியானமே மூடி, சாயங்காலம் உங்கள் கையால் மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி மூடுங்கள். வந்து கேட்டால் செய்து காட்டுகிறேன். பாக்கெட் விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து தடவியது. நடுங்கள், பிறகு கை கழுவுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த நிறத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை. செல்போனில் வருவதை நம்புவதற்கு முன், "பாத்தியா, நெனச்சியா?" என்ற சாரின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனபால் அண்ணன் தாண்டிவிட்டார். அந்தத் தாயின் கருணை, டாக்டர் பெண்ணின் கவனம், இரண்டுக்கும் நான் கும்பிடு போடுகிறேன். ஆள் பாதியாகிப்போய் வீட்டுக்கு வந்தார். நாங்கள் நாலைந்து பேர் பார்க்கப் போயிருந்தோம். மத்தியானம் ரசம் சாதம் குழைய வைத்து, கொஞ்சம் வெண்டைக்காய்ப் பொரியல். தட்டை அவர் முன்னால் வைத்தாள் அம்சா. அவர் கை நீட்டினார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ரசம் சாதத்தில் ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பொரியலில் ஒரு துண்டு. தண்ணீரிலும் ஒரு வாய். அவருக்கு முன்னால் சாப்பிட்டு நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லை. சாமி, பிறகு புருஷன், பிறகு பிள்ளை, கடைசியில் அவள், சட்டியில் இருந்தால்.

"இன்னாமே, நோயாளிக்கு வச்சத நீ துன்னுகினு இருக்க?" என்றார் அண்ணன். குரல் எழும்பவில்லை, ஆனால் சிரிப்பு இருந்தது.

"ஆமா. இனிமே இப்படித்தான். மொதல்ல நான் துன்னுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ" என்று சொல்லி, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.